முடியாத ஆடி

ஆடி மாதத்தில் புதுப்பெண் புருஷனோடு இருக்கக் கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். இந்த ஊரில் குப்பை போட்டால் ஒரு சட்டம், எச்சில் துப்பினால் ஒரு சட்டம் என்று எதற்கும் குறைவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவின் சட்டத்துக்குப் பிறகுதான் மற்றவை எல்லாம். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரை வெயில் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்பாள். வருஷம் முழுக்க ஒரே வெயில் அடிக்கிற சிங்கப்பூரில் சித்திரை என்ன, மார்கழி என்ன என்று கேட்டேன். "பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்லா, வாய மூடு" என்றாள். கல்யாணம் முடிந்த கையோடு, தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்காத என்னை விமானத்தில் ஏற்றி, புக்கிட் மேரா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு மாதம்தானே என்றாள். நானும் ஒரு மாதம்தானே என்றுதான் வந்தேன்.

அந்த ஆடி எங்களுக்கு இன்னும் முடியவில்லை. என் கணவருக்குச் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி இல்லை. அவர் திருடவில்லை, கடத்தவில்லை, விசா முடிந்த பிறகு ஒளிந்து தங்கவும் இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்டார், அவ்வளவுதான். அதையும் ஒரு பழுதும் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அவர் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வண்ணம் அடிக்க வந்தவர். மொட்டைமாடியிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிடும் தட்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு மாடியாக இறங்கி அடித்துக்கொண்டே வருவார்கள். ஒருநாள் காலை அம்மா அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒன்பதாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. "ஐயோ முருகா!" என்று அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, பெயிண்ட்டுக்கு வந்திருக்கோம். ஜன்னல மூடிக்குங்க, தெறிக்கும்" என்றது அந்தத் தலை.

"நம்ம பிள்ளையா நீ? எந்த ஊருப்பா?"

"புதுக்கோட்டைப் பக்கம்மா."

போதாதா! அம்மா மோர் கலக்கி, உப்பும் இஞ்சியும் போட்டு, கடைகளில் காப்பி கட்டித் தருவதுபோல் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, ஜன்னல் கம்பி வழியே நீட்டினாள். "வெயில்ல தொங்கிக்கிட்டு நிக்கிறீங்க, மோர் குடிங்க தம்பி." அன்றிலிருந்து எங்கள் வரிசைக்கு வேலை முடியும்வரை தினமும் மோர். நான் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்தால், எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு மனிதர் மோர் குடித்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வணக்கம் சொல்வார். அந்த மரியாதையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

வேலை முடிந்து தட்டைக் கழற்றிய நாளில், "உங்க ஜன்னலுக்குக் கீழ மட்டும் ஒரு கோட்டு சேத்து அடிச்சிருக்கேன். மழைக்கு நிக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எட்டி எட்டிப் பார்த்தேன்.

அப்போது எனக்கு முப்பதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. செவ்வாய் தோஷம் என்று சிலர் போனார்கள், நிறம் மட்டு என்று சிலர் போனார்கள், அப்பா இல்லாத வீடு என்றும் போனார்கள். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்புவேன், அவர் அங்கே நிற்பார். கூட்டத்திலிருந்து தப்பித்து ஜாலான் புசார் பக்கம் நடப்போம். மற்ற ஜோடிகள் கடற்கரைக்குப் போவார்கள். எங்கள் ஆள் இரும்புக் கடை வாசல்களில் நின்று பிரஷ்ஷைத் தடவித் தடவிப் பார்ப்பார். "இது முடி கொட்டாது" என்று எனக்கு விளக்குவார். காதல் வசனமா அது? எனக்கு அப்படித்தான் கேட்டது.

அம்மாவிடம் சொன்னபோது நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "மோர் குடுத்த கைக்குத் தெரியாதா" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது.

பயந்தவர் அவர்தான். வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவன் இந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்யக் கூடாது, செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருடைய சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். கம்பெனி பெர்மிட்டைப் புதுப்பித்துத் தரத் தயாராக இருந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். "நான் ஊருக்குப் போயிடுறேன். பெர்மிட்ட கான்சல் பண்ணிட்டா நானும் சாதா ஆளுதானே. அப்புறம் முறையா வந்து உங்கள கேக்கிறேன். திருட்டுத்தனம் எதுவும் வேணாம்" என்றார். சட்டத்துக்குப் பயந்து, நல்ல வேலையை விட்டுவிட்டு, பெட்டியும் படுக்கையுமாக ஊருக்குப் போன மனிதர் அவர். இப்போது அவரையே சட்டத்தை மீறியவர் என்கிறார்கள். யாரைப் போய் நோவது?

என் கூட வேலை பார்க்கும் தோழியின் கணவர் திருச்சிக்காரர். ஊரில் கல்யாணம் முடித்துத்தான் அழைத்து வந்தாள், ஒரு தொல்லையும் இல்லை. நானும் அவளிடம்தான் கேட்டேன். நம் ஆட்களுக்கு அதுதானே பழக்கம்! சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்க மாட்டோம், அவங்க எப்படிப் பண்ணாங்க என்று கேட்போம். தோழி கத்தோலிக்கப் பெண், நல்லவேளையாகக் கொஞ்சம் யோசித்தாள். "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. எங்க கோயில் ஹால்ல சனிக்கிழமை லாயர்ஸ் வந்து ஃப்ரீயா பேசுவாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த வழக்கறிஞர் என்னைவிட இளையவர், தமிழ்ப் பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, அவர் பெர்மிட்ல இங்க வேலை செஞ்சவர்தானே? பெர்மிட் முடிஞ்சாலும் அந்த ரூல் அவர விடாது" என்றார். "சிட்டிசனையோ நிரந்தரவாசி பிஆரையோ கல்யாணம் பண்ணணும்னா முதல்ல பர்மிஷன் வாங்கணும். இங்க பண்ணாலும் சரி, ஊர்ல பண்ணாலும் சரி, நிலாவுல போய் பண்ணாலும் சரி."

"அப்ப இவளோட ஹஸ்பெண்ட்?" என்று தோழியைக் காட்டினேன்.

"அவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல வேலைக்கு வந்தவர், பெர்மிட்ல வந்ததே இல்ல. அது வேற கதவுக்கா. ஒவ்வொரு பாஸுக்கும் ஒவ்வொரு கதவு. நாளைக்கு உங்காளுக்கும் எஸ் பாஸ் மாதிரி பெரிய பாஸ்ல வேலை கிடைச்சா இந்த ரூல் தொடாது. ஆனா அதுக்குப் படிப்பு, சம்பளம் எல்லாம் பாப்பாங்க. உங்களுக்கு நேர் வழி இதுதான். முதல்ல பர்மிஷன், அப்புறம் கல்யாணம், அதுக்கப்புறம் லாங் டெர்ம் விசிட் பாஸ். அதுக்கு நீங்கதான் ஸ்பான்சர்."

"நான் இங்கயே பொறந்தவ. என் புருஷன் என் வீட்டுல இருக்க நான் எதுக்குக் கேக்கணும்?" என்று சட்டென்று கேட்டுவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

அவர் கோபப்படவில்லை. "கேக்கணும்க்கா. நீங்க இங்க இருக்கிறது உங்க உரிமை. அவர் இங்க இருக்கிறது அனுமதி. கல்யாணம் ஆனாலும் அது அனுமதிதான். நிறைய பேருக்கு இது தெரியாம மாட்டிக்கிறாங்க. பேப்பர் வர்ற வரைக்கும் கல்யாணம் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்" என்றார்.

நான் நன்றி சொல்லிவிட்டு, அந்த வாரமே விண்ணப்பம் போட்டேன். எனக்கு இதெல்லாம் கைவந்த வேலை. எங்கிருந்தோ வருகிற உயிர் நண்டுக்கும் இறாலுக்கும் ஆர்க்கிட் பூவுக்கும் தாள் சரிபார்த்து உள்ளே அனுப்புவதுதானே என் பிழைப்பு. ஒரு முத்திரை குறைந்தாலும் பெட்டியை நகரவிட மாட்டேன். அப்படிப்பட்டவள் என் சொந்த விஷயத்தில் காத்திருக்கத்தான் செய்தேன். அனுமதி வருவதற்குள் ஆனி மாதம் வந்துவிட்டது.

அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலை ஜோசியரிடம் போய் வந்தாள். ஆனி முடிவதற்குள் தாலி ஏறாவிட்டால் குரு பலன் போய்விடும், பிறகு வருஷக்கணக்கில் இழுக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணிக்குப் போனால் குரு இல்லை. செவ்வாய் தோஷப் பெண்ணைப் பெற்ற தாய்க்கு இதைவிடப் பெரிய இடி வேண்டுமா?

"அந்த லாயர் பொண்ணு காத்திருக்கச் சொல்லியிருக்காம்மா" என்றேன்.

"என்னத்துக்குக் காத்திருக்கணும்? ரிஜிஸ்டர் பண்ணத்தானே? ரிஜிஸ்டர பர்மிஷன் வந்தப்புறம் பண்ணிக்குங்க. இப்ப தாலி மட்டும் கட்டட்டும்."

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது நன்றாகவே புரியும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் அரசாங்க வீட்டுக்குப் பதிய வேண்டும் என்பதற்காக, ரோம் என்று நாங்கள் சொல்லும் திருமணப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு வந்தாள். சட்டப்படி அன்றே அவள் மனைவி. ஆனால் கோயிலில் தாலி கட்டும்வரை, வருஷக்கணக்காக, அவள் அம்மா வீட்டிலும் அவன் அவனுடைய அம்மா வீட்டிலும்தான் இருந்தார்கள். கேட்டால், "இன்னும் கல்யாணம் ஆகலைங்க, ரோம் மட்டும்தான்" என்பார்கள். இங்கே எல்லா வீட்டிலும் இதே கதைதான். சட்டத்துக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. சட்டத்தின் கல்யாணம் நமக்குக் கல்யாணம் இல்லை என்றால், நம்முடைய கல்யாணம் மட்டும் சட்டத்துக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்? அம்மாவின் கணக்கு அப்படி. நான் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், எனக்கும் சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன் போல.

வழக்கறிஞரிடம் மறுபடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சனிக்கிழமைதோறும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் என்று அவர் சொன்னதை நாங்கள் ரிஜிஸ்டர் என்று எடுத்துக்கொண்டோம், எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகம் இருந்தால்தானே கேட்கத் தோன்றும்.

ஊரில் இருந்த அவர் மட்டும் போனில் கொஞ்சம் இழுத்தார். "பேப்பர் வந்துட்டா நிம்மதியா கட்டலாமே..." என்றார். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, "மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையா?" என்று கேட்டுவிட்டாள். நாள் குறித்த பிறகு தயங்குகிற மாப்பிள்ளையை நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? "அப்படியெல்லாம் இல்லீங்க. உங்க இஷ்டம்" என்றார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர்கள் ஊர் அம்மன் கோயிலில், மாவிலை வாடுவதற்குள் முடிந்துவிட்ட சின்னக் கல்யாணம். மூன்றாவது முடிச்சை அவர் அக்கா போட்டபோது அம்மா விசும்பிய சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. நானும் அவரும் ஒரு வாரம் ஒன்றாக இருந்தோம். வெள்ளைச் சட்டையில் அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கையில் பெயிண்ட் இல்லாத அவரையும் அப்போதுதான் பார்த்தேன். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் விமான நிலையத்தில், "ஒரு மாசம்தானே, கண்ண மூடித் திறந்தா முடிஞ்சிடும்" என்று அம்மா அவருக்கு ஆறுதல் சொன்னாள். இன்னும் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று நான் அடம்பிடித்திருக்கலாம். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க மாட்டாயா என்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்த சில நாட்களில், விண்ணப்பம் தொடர்பாக நேரில் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, தாலி ஏறின ராசி!" என்று வாசல்வரை வந்து விபூதி பூசி அனுப்பினாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

கவுன்டரில் இருந்த அதிகாரி தமிழ்ப் பெண்மணி, அம்மாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினார். எப்படிப் பழக்கம், எத்தனை வருஷம், எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். புது மஞ்சள் கயிறு. ஆடிப்பெருக்குக்குப் பிரித்துக் கோக்கும்வரை கழற்றக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். பெட்டிக்குப் பெட்டி முத்திரை பார்க்கிறவளுக்கு, தன் கழுத்தில் தொங்குவது கண்ணில் படவில்லை பாருங்கள்!

என் கை தானாக முந்தானையை இழுத்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று தமிழில் கேட்டார்.

"இல்ல மேடம். தாலி மட்டும்தான்."

அந்த வாக்கியத்தை இன்றைக்கும் என் காதால் கேட்கிறேன். இந்த ஊரில் அதைக் கேட்டால் எந்தத் தமிழருக்கும் விளங்கும். அவருக்கும் விளங்கியது. அதனால்தான் கீழே வைத்த பேனாவை உடனே எடுக்கவில்லை.

"சிஸ்டர், அங்க அதுதான் கல்யாணம். கோயில்ல, சொந்தக்காரங்க முன்னால, முறைப்படி தாலி கட்டினா இந்தியாவுல அது முழுக் கல்யாணம். ரிஜிஸ்டர் பண்ணலைன்னாலும் கல்யாணம்தான். பர்மிஷன் கேட்டு அப்ளிகேஷன் உள்ள இருக்கும்போதே கட்டிட்டீங்களே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சொந்த வீட்டுப் பெண்ணுக்கு இரங்குவதுபோலச் சொன்னார். நான் பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கழுத்தில் தாலியைக் கட்டிக்கொண்டு என்ன பொய்யைச் சொல்வது?

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அனுமதி பெறாமல் திருமணம் செய்துகொண்டதால் அவருக்கு நாட்டுக்குள் வரவும் தடை. கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "தாலி மட்டும்தானே கட்டினோம்?" என்று என்னிடமே கேட்டாள். பிறகு அவள் சாமி அறைக்குப் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

வழக்கறிஞரிடம் மறுபடி போனேன். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்தப் பெண். தன்னைத்தான் நொந்துகொண்டார். "நான் கல்யாணம்னு மட்டும் சொல்லிட்டேன்க்கா. தாலி, மாலை எதுவும் கூடாதுன்னு பச்சையா சொல்லியிருக்கணும். இங்க வளந்த எனக்கே அது தோணல" என்றார். மேல்முறையீடு செய்யலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், எம்.பி.யைப் பார்த்துக் கடிதம் வாங்கலாம், ஆனால் இவ்வளவு நாளில் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். "ஏஜென்ட் எவனாவது உள்ள ஆளிருக்கு, எடுத்துத் தரேன்னு வந்தா கிட்ட சேத்துக்காதீங்க. உண்மைய மட்டும் எழுதுவோம்" என்றார். அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் வருகிறது. பரிசீலித்தோம், இயலவில்லை. அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது, சொல்லவும் சொன்னார்கள். கோபத்தை யார் மேலாவது கொட்டினால் ஆறும். எனக்கு அதற்கும் ஆள் இல்லை.

அந்த வருஷம் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கென்று அம்மா ஆடியிலேயே தேக்காவில் பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தாள். தீபாவளிக் காலையில் அதை எடுத்து, மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவர் வீடியோ அழைப்பில் வந்தார். அம்மா திரைக்கு முன்னால் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாப்பேன்?" என்று அடுப்படியிலேயே நின்றாள். சுள்ளென்று வந்த கோபத்தில், "நல்ல நேரம் பாத்துக் கட்டி வச்சீங்களே, இப்ப எங்க போச்சு உங்க குரு?" என்று கேட்டுவிட்டேன். அம்மா ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். சொன்ன வார்த்தையை அள்ள முடியுமா? இன்றுவரை வருந்துகிறேன்.

நீ ஊரோடு போய்விட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அவளும் இந்த வீட்டை விட்டு வேறு நாட்டுக்கு வரமாட்டாள். "அம்மாவ விட்டுட்டு நீ வராத. நான் கிட்ட வர்றேன்" என்றார் அவர். சொன்னதுபோலவே முயன்று, கடலுக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலை அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அங்கே வண்ணம் அடிக்கிற வேலை இல்லை. பிரஷ் பிடித்த கையால் பரோட்டா மாவு பிசைகிறார். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நான் பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போகிறேன். கடை மாடியில் ஓர் அறை, அதுதான் எங்கள் குடித்தனம். அவர் அறை ஜன்னலில் நின்றால் பாலத்தில் சிங்கப்பூருக்குப் போகிற வண்டிகள் தெரியும். அவர் அந்த ஜன்னலில் நிற்பதில்லை.

அம்மா மட்டும் வரவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது. எங்கள் மூன்றாவது தீபாவளி கழிந்த வாரம், அவளாகவே முறுக்கையும் அதிரசத்தையும் டப்பாவில் போட்டு, அந்தப் பட்டு வேட்டியை மேலே வைத்துப் பையைக் கட்டினாள். "போலாம் வா" என்றாள். வழியெல்லாம் அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மாடிப்படி ஏறுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவர் வாசலிலேயே நின்றார். அம்மா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தவரைத் தூக்கிவிடவும் கை வரவில்லை அவளுக்கு. எழுந்தவர் உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து நீட்டினார். வாய் கட்டி, உறிஞ்சுகுழல் செருகிய மோர்.

"வெயில்ல வந்திருக்கீங்க அத்தை. மோர் குடிங்க."

அம்மா அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "என் வாயாலதான்யா எல்லாம். பேப்பர் வர்ற வரைக்கும் பொறுக்காம, நல்ல நேரம் நல்ல நேரம்னு உங்க நேரத்தையே கெடுத்துட்டேனே."

"நல்ல நேரம்தான் அத்தை. பொண்ணு நல்ல பொண்ணுதானே குடுத்தீங்க" என்றார் அவர். அந்த இடத்தில் கேலி பண்ணுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மா அழுகையோடு சிரித்துவிட்டாள். அவர் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருந்தது. வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்தால் வேறெப்படி இருக்கும்?

சாயங்காலம் எங்களை அனுப்பிவைக்கச் சோதனைச் சாவடி வரைக்கும் வந்தார். வேட்டியை மாற்றவில்லை. அதற்குமேல் அவர் வர முடியாது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அம்மா நாள் முழுக்க அவரோடு பேசிய தெம்பில், எந்த மாமியாரும் மாப்பிள்ளையிடம் விடைபெறும்போது சொல்கிற அதே வார்த்தையை, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்ப வர்றோம். நீங்க வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேட்டிக் கரையைப் பார்த்தேன்.

"வர்றேன் அத்தை. இந்த ஆடி முடியட்டும்" என்றார்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கு வந்து வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. பாஸ்போர்ட்டைக் கருவியில் வைத்தோம், கதவு தானாகத் திறந்தது. முதலில் அம்மாவுக்கு, பிறகு எனக்கு. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.